பாதை கொடுக்காமல் கொடுத்த பள்ளிக்கூடம்

1924 ஆகஸ்ட் 22 அன்று சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பை, எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரானாலும் எந்த ஊரிலும் உள்ள பொதுச் சாலை, தெரு, பாதை வழியாக நடந்து போகத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம் எதற்கும் சாதி இந்துக்கள் போவதுபோலவே போகலாம். இதுதான் அந்தத் தீர்மானத்தின் சாரம். அது நிறைவேறி, 25.9.1924 தேதியிட்ட 2660 எண் அரசாணையாக வெளிவந்தது. தலித் வரலாறு படிக்கிற எல்லோருக்கும் இந்த எண் தெரியும்.

அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பள்ளிக்கூடம் போன கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சீனிவாசன் எழுதிய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சிறு நூலில் அது இருக்கிறது. கோயம்புத்தூரில் அவர் படித்த பள்ளியில் சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேர் தவிர மற்றவர்கள் எல்லோரும் பிராமணர்கள். யாரோடாவது பழகினால் வீடு எங்கே, குடும்பம் எது என்று கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும் என்ற பயம் அவருக்கு. அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். பள்ளி விட்டதும், மற்ற மாணவர்கள் தன்னை எட்டிப் பிடித்துவிடாதபடி வேகமாக நடந்து வீடு போய்ச் சேருவார்.

வகுப்பறைக்குள் நடந்த அவமானத்தைப் பற்றி நம் வரலாற்றில் நிறைய எழுதியிருக்கிறோம். தனிப்பானை, தனி இடம், தொடாமல் வீசப்பட்ட புத்தகம் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. வீட்டுக்கும் வகுப்பறைக்கும் நடுவே இருக்கிற அந்த ஒரு மைல், இரண்டு மைல் தூரத்தைப் பற்றி எழுதியது குறைவு. இந்தக் கட்டுரை அந்தத் தூரத்தைப் பற்றியது. கடந்த நூற்று முப்பது ஆண்டுகளில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் போகும் பாதையைக் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

பள்ளிக்கூடம் எங்கே இருந்தது?

சென்னை மாகாணத்தில் பொது நிர்வாகத்தின் கீழ் இருந்த 8,157 பள்ளிகளில் 609 பள்ளிகளில் மட்டுமே பஞ்சமர் பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். 1919இல் வெளிவந்த அரசாணையில் உள்ள கணக்கு இது. எம்.சி. ராஜா முதல் இன்றைய ஆய்வாளர்கள் வரை பலரும் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இதைப் படித்தவுடன், தலைமையாசிரியர் சேர்க்க மறுத்தார் என்றுதான் நாம் நினைப்போம். அதுவும் நடந்தது. ஆனால் பல இடங்களில் மறுக்க வேண்டிய வேலைகூட அவருக்கு இருக்கவில்லை. பள்ளிக்கூடம் அக்கிரகாரத்திலோ ஊர்ச் சாவடியிலோ கோயில் இடத்திலோ நடந்தது. அந்தத் தெருவுக்குள்ளேயே கால் வைக்க முடியாத பிள்ளை, பள்ளி வாசலுக்கு எப்படி வந்து சேரும்?

அன்றைய அரசுக்கும் இது தெரிந்திருந்தது. எல்லோரும் வரக்கூடிய இடங்களுக்குப் பள்ளிகளை மாற்ற வேண்டும் என்று அதே காலத்து அரசாணை சொன்னது. ஒரு பள்ளியின் கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, அந்தக் கதவு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அரசு காகிதத்திலேயே ஒப்புக்கொண்ட தருணம் அது. பள்ளிப் பாதை வரலாற்றில் அதை ஒரு முக்கியமான ஆண்டாக நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வழிகள்

பாதை மூடியிருந்தபோது நம் முன்னோர்கள் என்ன செய்தார்கள்? மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, பள்ளியைச் சேரிக்கே கொண்டுவருவது. கிறிஸ்தவ மிஷன்கள் இதை முன்பே தொடங்கியிருந்தன. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாறு பகுதியில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1920க்குப் பிறகு தொழிலாளர் துறை (‘லேபர் டிபார்ட்மெண்ட்’ என்றே நம் தாத்தாக்கள் சொல்வார்கள்) சேரிகளில் பள்ளிகளைத் திறந்தது. லேபர் ஸ்கூல், அரிசன நலப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று பெயர் மாறி மாறி வந்து, இன்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் அந்த வரிசையில் நடக்கின்றன. நம் குடும்பங்களில் முதல் தலைமுறையாகக் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள்தான். அந்த நன்மையை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

இரண்டாவது வழி, பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்துப் போய்ப் பள்ளிக்குப் பக்கத்திலேயே தங்கவைப்பது. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். தங்கிப் படிக்கும் விடுதிகள் இல்லாமல் நம்மில் ஒரு தலைமுறை பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்காது. விடுதி என்பது சோறும் படுக்கையும் மட்டும் அல்ல. தினமும் இரண்டு வேளை ஊர்த் தெருவைக் கடக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து அது பிள்ளையை விடுவித்தது.

மூன்றாவது வழி, பாதையைத் திறப்பது. சேரியிலிருந்து புறப்படுகிற பிள்ளை, எல்லாப் பிள்ளைகளும் போகிற தெரு வழியாகவே, யாருக்கும் ஒதுங்காமல், எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளிக்குப் போவது. சீனிவாசனின் தீர்மானம் கேட்டது இதைத்தான்.

முதல் இரண்டு வழிகளுக்கும் அரசு பணம் ஒதுக்கியது, கட்டடம் கட்டியது, துறையே அமைத்தது. மூன்றாவது வழிக்கு ஓர் அரசாணை போட்டது. இந்த வித்தியாசம் தற்செயலானது அல்ல. சேரிக்குள் பள்ளி கட்டினால் ஊர்த்தெருவில் எதுவும் மாறுவதில்லை. பிள்ளை விடுதிக்குப் போனாலும் எதுவும் மாறுவதில்லை. ஆனால் நம் பிள்ளைகள் செருப்புப் போட்டுக்கொண்டு, புத்தகப் பையோடு, காலையிலும் மாலையிலும் ஊர்த்தெரு வழியாக நடந்து போனால், தினம் இரண்டு தடவை அந்தத் தெருவே சமத்துவத்தைப் பார்த்தாக வேண்டும். பள்ளியைக் கொடுப்பதைவிடப் பாதையைக் கொடுப்பது சாதிக்குக் கடினமாக இருந்தது.

சேரிப் பள்ளியின் எல்லையும் இங்கேதான் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை தொடக்கப் பள்ளிகள். ஐந்தாம் வகுப்பு முடிந்தால் ஊருக்கு நடுவிலோ பக்கத்து டவுனிலோ இருக்கும் பள்ளிக்குத்தான் போக வேண்டும். ஐந்து ஆண்டுகள் தள்ளிப்போட்ட அதே தெருவை ஆறாம் வகுப்பில் கடந்தாக வேண்டும். நம் பிள்ளைகளின் இடைநிற்றலைப் பற்றி ஆய்வு செய்கிற மாணவர்கள், வறுமையோடு சேர்த்து இந்த ஐந்தாம் வகுப்பு எல்லையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாலையும் பள்ளியும் ஒரே போராட்டம்

இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் திருவிதாங்கூரின் அய்யன்காளி. புலையர்கள் பொதுச் சாலையில் நடக்கவே தடையிருந்த காலம். 1893இல் அவர் வில்லுவண்டி ஒன்றை வாங்கி, நல்ல உடையும் தலைப்பாகையும் அணிந்து, அதே பொதுச் சாலையில் ஓட்டிப் போனார். தாக்கினார்கள், அவரும் அவரோடு நின்ற இளைஞர்களும் திருப்பி எதிர்த்தார்கள்.

அதே அய்யன்காளிதான் பிறகு பள்ளிச் சேர்க்கையைக் கையில் எடுத்தார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்தினார். கூலி உயர்வுக்கு முன்னால் பிள்ளைகளின் படிப்பை வைத்து நடந்த வேலைநிறுத்தம் அது. சேர்க்கலாம் என்று அரசு உத்தரவு போட்ட பிறகும் பள்ளிகள் மறுத்தன. 1910களில் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவரே அழைத்துப் போனார். சாதி இந்துக்கள் அந்தப் பள்ளியையே கொளுத்தினார்கள். நம் பிள்ளை உட்கார்ந்த பள்ளி தங்களுக்கு இருப்பதைவிட, யாருக்கும் பள்ளி இல்லாமல் போவதே மேல் என்று நினைத்தார்கள்.

வில்லுவண்டியும் பஞ்சமியும் இரண்டு தனிக் கதைகள் அல்ல. சாலையில் நடக்கும் உரிமை இல்லாமல் பள்ளி உரிமை இல்லை என்பதை அய்யன்காளி செய்து காட்டினார். 1924 மார்ச் 30இல் தொடங்கிய வைக்கம் போராட்டமும் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடப்பதற்கான போராட்டம்தான். சீனிவாசன் சென்னையில் தீர்மானம் கொண்டுவந்தபோது வைக்கத்தில் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1925 நவம்பரில் அது முடிந்தபோது மூன்று பக்கச் சாலைகள் திறக்கப்பட்டன, கிழக்குச் சாலை திறக்கப்படவில்லை. முழுப் பாதையையும் கொடுக்காமல் முக்கால் பாதையைக் கொடுத்து முடிப்பது அப்போதே இருந்த வழக்கம்.

நடக்கிற பாதைக்குப் பிறகு பேருந்து வந்தது. நம்மவர்களை ஏற்ற மறுத்த தனியார் பேருந்துகள் இருந்தன. இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமத்தை ரத்து செய்வோம் என்று உத்தரவு போட்டார். புதிதாக எந்த வாகனம் வந்தாலும், எந்தச் சாலை வந்தாலும், பழைய தடை அதில் ஏறிக்கொள்ளப் பார்க்கும். அதை இறக்கிவிட யாராவது ஒருவர் உத்தரவு போட வேண்டியிருக்கிறது.

சட்டமும் சுவரும்

பாபாசாகேப் அம்பேத்கர் வரைவுக் குழுத் தலைவராக இருந்து உருவாக்கிய அரசியலமைப்பில், 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றோடு ‘சாலை’ என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. 1927இல் மகாடு சவுதார் குளத்துக்கு அவர் நடந்து போன பாதை அந்த வரியில் இருக்கிறது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது.

அந்த 1989இல்தான் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் சுவர் எழுந்தது. தலித் மக்கள் பொதுப்பாதைக்கு வரவிடாமல் தடுத்த அந்தச் சுவர் பத்தொன்பது ஆண்டுகள் நின்றது. தொடர் போராட்டத்துக்குப் பிறகு 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் அதன் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டது. சுவர் எழுந்த ஆண்டில் பிறந்த ஒரு குழந்தை பள்ளிக்கூடம் போய்ப் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்வரை அது இடிபடவே இல்லை. டெல்லியில் சட்டமும் உத்தப்புரத்தில் சுவரும் ஒரே ஆண்டில் வந்தன என்பதை மறக்காதீர்கள்.

2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, பொது இடத்தில் சைக்கிள் அல்லது மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் செருப்புப் போடுவதையும் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. சாலையையோ பாதையையோ பயன்படுத்தவிடாமல் தடுப்பதும், கல்வி நிறுவனத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பதும் அதே பிரிவில் வருகின்றன. தமிழ்நாட்டில் 2001-02இல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். பின்னால் எல்லா மாணவர்களுக்கும் விரிந்த நல்ல திட்டம் அது. அந்தச் சைக்கிளை ஊர்த்தெருவில் இறங்கி உருட்டிக்கொண்டு போகச் சொன்ன கிராமங்கள் இருந்தன. அரசு கொடுத்த சைக்கிளை ஓட்டிப் போவதற்குப் பாராளுமன்றம் இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது.

பழைய கதை என்று யாராவது சொன்னால், 2025 மார்ச் மாதத்தை நினைவுபடுத்துங்கள். தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரை, பேருந்தை வழிமறித்து வெளியே இழுத்துப் போட்டு வெட்டினார்கள். அவருடைய கைவிரல்கள் துண்டாயின. அது அவர் பள்ளிக்குப் போகும் வழி.

டோபிகாவின் ரயில் யார்டு

பள்ளிக்குப் போகும் தூரத்தையே சாட்சியமாக்கிய ஒரு வழக்கை இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் டோபிகா நகரில், லிண்டா பிரவுன் என்ற கறுப்பினச் சிறுமியின் வீட்டிலிருந்து ஏழு தெருச் சதுக்கம் தள்ளி சம்னர் என்ற பள்ளி இருந்தது. அது வெள்ளையர் பள்ளி. லிண்டா போக வேண்டியது கறுப்பினப் பிள்ளைகளுக்கான மன்றோ பள்ளி. அதற்கு அவள் காலை 7.40க்கு வீட்டை விட்டுக் கிளம்பி, ரயில் பெட்டிகளை இணைக்கும் யார்டுக்குள் தண்டவாளங்களைக் கடந்து நடந்து போய், பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டும். பேருந்து தாமதமானால் குளிரிலும் மழையிலும் நிற்க வேண்டும்.

அவள் தந்தை ஆலிவர் பிரவுன் 1951இல் நீதிமன்றக் கூண்டில் ஏறி இதைத்தான் சொன்னார். தத்துவம் பேசவில்லை. எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள், எதைக் கடக்கிறாள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறாள் என்று சொன்னார். அந்த வழக்கு மற்ற வழக்குகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போய், 1954 மே 17 அன்று பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பாக வந்தது. தீர்ப்பு தூரத்தை வைத்து மட்டும் வரவில்லை. பிரிப்பதே சமமின்மை என்று அது சொன்னது. ஆனால் வழக்கின் தொடக்கத்தில் ஒரு தகப்பனும் ஒரு பிள்ளையின் காலடிக் கணக்கும் இருந்தன. நம்மிடமும் அந்தக் கணக்கு இருக்கிறது. நாம் இன்னும் எழுதி வைக்கவில்லை.

நாற்கரச் சாலை வந்த பிறகு

இப்போது நம் பிள்ளைகளின் பாதையில் இன்னொன்றும் குறுக்கே வந்திருக்கிறது: வேகம்.

உங்கள் மாவட்ட வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். காலனிகள் எங்கே இருக்கின்றன? ஏரிக்கரை ஓரம், ஓடைப் புறம்போக்கு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஊருக்கு வெளியே பெரிய சாலையை ஒட்டி. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று சாதி பிரித்து வைத்த இடைவெளி வெறும் வயலாக இருந்தவரை பிள்ளைகள் வரப்பில் நடந்து போனார்கள். அந்த இடைவெளி வழியாக நாற்கரச் சாலையோ புறவழிச் சாலையோ வந்தால், பள்ளி ஒரு பக்கமும் காலனி ஒரு பக்கமும் நின்றுவிடும். சாதிக்காக யாரும் அந்தச் சாலையை அங்கே போடவில்லை என்று பொறியாளர் சொல்வார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் யார் எந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள் என்பதைச் சாதி முன்னமே தீர்மானித்துவிட்டது.

நான் வேலை செய்கிற கிராமங்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பள்ளிப் பாதையை வரையச் சொல்வது வழக்கம். பெரியவர்கள் வரைகிற வரைபடத்தில் இல்லாதவை அதில் வரும். சென்டர் மீடியனில் ஆட்கள் தாண்டித் தாண்டி உடைந்த இடம். லாரி நிற்கும் டாபா. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதை. ‘இங்கே பஸ் நிற்காது.’ ‘இந்தத் தெருவில் சைக்கிளில் மணி அடிக்கக் கூடாது.’ ‘இங்கே அண்ணன்கள் உட்கார்ந்திருப்பாங்க, ஓடிடுவோம்.’ லாரியும் அந்த அண்ணன்களும் பிள்ளைகளுக்கு ஒரே வரைபடத்தில்தான் இருக்கிறார்கள். அதிகாரிகளுக்கு அவை இரண்டு துறைகள்.

சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது. பள்ளி வேனில் போகிற பிள்ளை வீட்டு வாசலில் ஏறி பள்ளி வாசலில் இறங்குகிறது. நடந்து போகிற பிள்ளை யார்? அரசுப் பள்ளிக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கும் போகிற, வேன் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதும் வண்டியிடமிருந்து நடப்பவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். வேகம் ஐம்பதைத் தொட்டால் சாவுக்கான வாய்ப்பு பல மடங்கு கூடும். அதனால்தான் நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் முப்பதைத் தாண்டக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு சொன்னது. வருகிற வண்டியின் வேகத்தை ஏழு வயதுப் பிள்ளையால் சரியாகக் கணிக்க முடியாது. ‘பார்த்துப் போ’ என்று பிள்ளையிடம் சொல்வது தீர்வு அல்ல. வண்டியின் வேகத்தைக் குறைப்பதுதான் தீர்வு.

இரண்டு குழுக்கள், ஒரே தலைவர்

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2010இல் வெளியிட்ட விதிகள், ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டர் நடை தூரத்துக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து இருந்தால் இந்தத் தூரத்தையும் குறைக்க வேண்டும் என்கின்றன. சமூக, பண்பாட்டுக் காரணங்களால் பிள்ளை பள்ளிக்கு வருவது தடைபடாமல் பார்த்துக்கொள்வது அரசின், உள்ளாட்சியின் கடமை என்றும் சொல்கின்றன. அந்த ‘சமூகக் காரணம்’ என்ற மென்மையான சொல்லுக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது.

சாலைப் பக்கமும் சட்டம் இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாமல் சாலை அமைத்து அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், தடையில்லாத நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டு குழுக்கள் இருக்கின்றன. ஒன்று, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு. விபத்துகள் அதிகம் நடக்கும் இடம், வேகத்தடை, சிக்னல் பற்றி அது பேசுகிறது. இன்னொன்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. அது வழக்குகள், நிவாரணம் பற்றிப் பேசுகிறது. இரண்டுக்கும் தலைவர் மாவட்ட ஆட்சியர்தான். ஒரே மேசையில் வைக்கப்படுகிற இந்த இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று பார்த்து நான் கண்டதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்னால் பாதைக்கு ஓர் அரசாணையும் பள்ளிக்கு ஒரு துறையும் என்று பிரித்த அந்தப் பிரிவினைதான் இன்னும் தொடர்கிறது.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. உங்கள் ஊரில் இந்தக் கல்வியாண்டிலேயே செய்யக்கூடிய வேலைகள் இவை.

முதலில், பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, மழை நாளில் ஒரு முறை. கிளம்பும் நேரம், சேரும் நேரம், கடக்கும் சாலை, நின்ற இடம், ஒதுங்கிய இடம் எல்லாவற்றையும் எழுதுங்கள். பெண் பிள்ளைகள் எந்த இடத்தில் கூட்டமாகச் சேர்ந்து நடக்கிறார்கள் என்று கேளுங்கள். பயம் எங்கே என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். வண்டியால் வரும் ஆபத்து, சாதியால் வரும் ஆபத்து இரண்டையும் ஒரே தாளில் பதியுங்கள்.

இரண்டாவது, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். பள்ளிக்குப் போகும் வழி வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றோ நடைபாதை என்றோ பதிவாகியிருக்கிறதா? பதிவில் இருக்கிற பாதை தரையில் இல்லை என்றால் அது ஆக்கிரமிப்பு. தரையில் காலங்காலமாக நடக்கிற பாதை பதிவில் இல்லை என்றால் அதைப் பதியச் சொல்லிக் கேட்க வேண்டும். கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, சாலை யாருடையது என்று தெரிந்துகொண்டு மனுப் போடுங்கள். ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, மாநில நெடுஞ்சாலை, தேசிய நெடுஞ்சாலை ஒவ்வொன்றுக்கும் அலுவலகம் வேறு. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு ஒரு வருடம் தூங்கும். ‘பாதுகாப்பு வேண்டும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். இந்த இடத்தில் வேகத்தடை, இந்த இடத்தில் ஜீப்ரா கிராசிங், இந்தக் காலனி வாசலில் பேருந்து நிறுத்தம், இந்த நேரத்தில் ஒரு காவலர் என்று எண் போட்டு எழுதுங்கள்.

நான்காவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைத் தீர்மானமாக வையுங்கள். அடுத்து கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் உங்களுக்கு இருக்கின்றன. தீர்மானப் புத்தகத்தில் ஏறிய வரியை அதிகாரியால் எளிதில் தள்ளிவிட முடியாது.

ஐந்தாவது, ஒரே மனுவின் இரண்டு பிரதிகளை அந்த இரண்டு குழுக்களுக்கும் அனுப்புங்கள். வேகத்தடை கேட்கும் மனு வன்கொடுமைக் கண்காணிப்புக் குழுவுக்கு எதற்கு என்று கேட்பார்கள். பாதையைத் தடுப்பதும் பள்ளிக்குள் நுழையவிடாமல் தடுப்பதும் அந்தச் சட்டத்தில் குற்றம் என்று சொல்லுங்கள். சாதிப் பிரச்சினையைச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் எதற்குப் பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். எங்கள் பிள்ளைகள் ஊர்த்தெருவில் நடக்கப் பயந்து நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிப் போகிறார்கள், அங்கேதான் லாரி வருகிறது என்று சொல்லுங்கள்.

வேகத்தடை கேட்பது சின்ன விஷயம், அதில் என்ன அரசியல் இருக்கிறது என்று நம் தோழர்களிலேயே சிலர் நினைப்பதுண்டு. சட்டமன்றத்தில் கிடைத்த முதல் வாய்ப்புகளில் ஒன்றை நடப்பதற்கான உரிமைக்குப் பயன்படுத்தியவர் இரட்டைமலை சீனிவாசன். அந்தத் தீர்மானத்துக்கு நூறு வயதாகிவிட்டது. அதை நடைமுறைப்படுத்தும் வேலை கிராமம் கிராமமாக, பள்ளி பள்ளியாக இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கு உங்கள் ஊர்ப் பிள்ளைகள் வரைந்த வரைபடத்தோடு போங்கள்.

ஜெய்பீம்.